மாக்3, லினக்ஸ், மக்புக்: மர ரூட்டருக்கு எந்தக் கணினி?

கோண்டாவில் தச்சன், 2024 செப்டம்பர் 4

கோயில் வாகனம், கதவு நிலை வேலை செய்கிற எங்கள் பட்டறைக்கு ஒரு சீனத்து சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் மிசின்) எடுத்திருக்கிறோம். பட்டறையில் இருப்பது பழைய விண்டோஸ் 7 கணினி. மிசினை ஓட்டும் மாக்3 என்ற மென்பொருளைப் போட்டு, பிரிண்டர் போர்ட்டில் மிசினை இணைத்திருக்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணா வந்தபோது எம்1 மக்புக் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். தங்கச்சி கம்பஸில் படிக்கிறாள், அவளுடைய லாப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். இந்த மூன்றில் ஒன்றிலேயே வரைதல், வெட்டுதல் எல்லாவற்றையும் முடிக்க விருப்பம். மிசின் பூட்டித் தந்தவர் "லினக்ஸில் சிஎன்சி ஓடாது, விண்டோஸ்தான்" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா அண்ணை?

பதில், 2024 செப்டம்பர் 4, இரவு

உண்மை இல்லை. லினக்ஸ்சிஎன்சி என்று பெயரிலேயே லினக்ஸை வைத்துக்கொண்டு ஒன்று ஓடுகிறது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரச தர நிறுவனம் 90களில் எழுதிய மிசின் கட்டுப்பாட்டு நிரலில் இருந்து வளர்ந்தது அது. மாக்3க்குக்கூட அதுதான் மூத்த உறவு. உங்களுக்கு மிசின் பூட்டித் தந்தவர் மாக்3 மட்டும் பழகியவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர் பழகாததெல்லாம் ஓடாது என்று ஆகிவிடாது.

எனக்கு இடிப்பது உங்கள் விருப்பம்தான். ஒரே கணினியில் எல்லாம் என்று ஏன் பிடிவாதம்? வரைவது ஒரு வேலை. வரைந்ததற்கு வெட்டும் பாதை போடுவது இன்னொரு வேலை. அந்தப் பாதையை வாசித்து மோட்டாரைத் திருப்புவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நல்ல திரையும் நினைவகமும் இருந்தால் போதும், இயங்குதளம் எதுவானாலும் பரவாயில்லை. மூன்றாவதுக்குத் திரை அழகு தேவையில்லை, நேரம் பிசகக்கூடாது. நடுவில் கைமாறுவது ஜி-கோட் என்ற வெறும் எழுத்துக் கோப்பு. அதை மக்புக்கில் எழுதினாலும் உபுண்டுவில் எழுதினாலும் மிசினுக்குத் தெரியப்போவதில்லை.

2024 செப்டம்பர் 5

எந்த வரைதல் மென்பொருள் எதில் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சொலிட்வேர்க்ஸ் விண்டோஸில் மட்டும். செதுக்கலுக்கான வீகார்வ், ஆஸ்பயர் இரண்டும் விண்டோஸ்தான். ஆர்ட்காமை ஓட்டோடெஸ்க் 2018இல் நிறுத்திவிட்டது, பென் டிரைவில் யாராவது தந்தால் வாங்க வேண்டாம். ஃபியூஷன் விண்டோஸிலும் மக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு இல்லை. ஃப்ரீகாட், இங்க்ஸ்கேப், பிளெண்டர் மூன்றும் எல்லா இடத்திலும் ஓடும், காசும் இல்லை.

ஃபியூஷன் இலவசம்தானே என்று பின்னால் ஒருவர் வருவார், அவருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இலவச உரிமம் பொழுதுபோக்குக்காரருக்கு. கூலிக்கு வாகனம் செய்கிறவருக்கு அது பொருந்தாது. 2020 ஒக்டோபரில் அதில் இன்னும் சிலவற்றை வெட்டினார்கள். கருவி மரத்துக்கு மேலே காற்றில் போகும்போதுகூட வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். யாளி முகத்துக்கு ஆயிரம் தடவை கருவி தூக்கி இறக்க வேண்டும். அந்த ஊர்தலைப் பார்த்துக்கொண்டு நின்றால் உளியையே எடுத்துவிடலாம் என்று தோன்றும்.

2024 செப்டம்பர் 7

"நேரம் பிசகக்கூடாது என்றால் என்ன, கணினிகள் எல்லாம் வேகம்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு.

தச்சனுடைய மிசினையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஒரு சுற்றை 200 அடியாக (ஸ்டெப்) எடுத்து வைக்கும், மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியில் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1600. திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகரும். ஓர் அடிக்குக் கணினி ஒரு மின் துடிப்பு அனுப்ப வேண்டும், அப்படியானால் ஒரு மில்லிமீற்றருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் ஓடவிட்டால், ஒரு செக்கனுக்கு 16,000 துடிப்பு போக வேண்டும். இரண்டு துடிப்புக்கு நடுவில் 62.5 மைக்ரோ செக்கன். பிரிண்டர் போர்ட்டில் இந்தத் துடிப்பு ஒவ்வொன்றையும் கணினியே எண்ணி அனுப்புகிறது. நடுவில் வைரஸ் தேடும் நிரல் விழித்துக்கொண்டு 100 மைக்ரோ செக்கன் எடுத்துக்கொண்டால் மோட்டார் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும், அடி தவறிவிடும், அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் ஒரு பக்கமாக விலகிப்போகும். தவில்காரர் எவ்வளவு கெதியாக வாசிப்பார் என்பது பிறகு, ஓர் அடி பிந்தினால் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்ப்பார் அல்லவா, அதுதான் கதை.

லினக்ஸ்சிஎன்சியில் இதை அளக்கவே ஒரு சோதனை இருக்கிறது. அதை ஓடவிட்டு, பக்கத்தில் நாலைந்து ஜன்னல்களைத் திறந்து இழுத்து, கணினியை வதைக்க வேண்டும். அதிகபட்சத் தாமதம் 20 மைக்ரோ செக்கனுக்குள் நின்றால் கும்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். 30, 50 என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். 100ஐத் தாண்டினால் பிரிண்டர் போர்ட் வேலைக்கு அந்தக் கணினி ஆகாது. லாப்டாப்கள் பெரும்பாலும் இதில் தோற்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவை உள்ளுக்குள் செய்யும் வேலையை இயங்குதளத்தாலும் தடுக்க முடியாது. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்று புது லாப்டாப்பை வெல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மாக்3 பற்றி ஒன்று: அதன் பிரிண்டர் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும் ஓடும். உங்கள் விண்டோஸ் 7 இப்போது வேலை செய்கிறது என்றால் அது 32 பிட். யாராவது "புதிதாக அடித்துத் தருகிறேன்" என்று 64 பிட் போட்டால் அன்றோடு மிசின் நின்றுவிடும்.

2024 செப்டம்பர் 8

டொராண்டோ அண்ணை சொல்லும் வழி: கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் மாக்3, அதிலிருந்து பிரிண்டர் போர்ட். நல்ல கற்பனை. மேலே எழுதிய 62.5ஐ இன்னொரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள்.

வரைவதற்கு வேர்ச்சுவல்பொக்ஸ் எடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் முப்பரிமாணப் படம் சுழற்றும்போது திக்கும்.

2024 செப்டம்பர் 15

மக்புக்கை என்ன செய்வது என்று தச்சன் தனியாகக் கேட்டிருந்தார், எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே.

பழைய இன்டெல் மக் என்றால் பூட்காம்ப் போட்டு முழு விண்டோஸாகவே எழுப்பலாம். எம்1இல் அது இல்லை, அதன் சிப் இன்டெல் அல்ல, ஆர்ம் வகை. மக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பரலல்ஸ் என்ற மென்பொருளை வாங்கி அதற்குள் விண்டோஸ் 11இன் ஆர்ம் பதிப்பைப் போடலாம், 2023இல் மைக்ரோசொஃப்டே அதற்குச் சம்மதம் தந்துவிட்டது. சாதாரண விண்டோஸ் நிரல்களை அது மொழிபெயர்த்து ஓட்டும். செதுக்கல் மென்பொருள் போன்றவை அதில் ஓடிவிடும். வன்பொருளைத் தொடும் டிரைவர் என்று வந்தால் ஆர்முக்கென்றே எழுதியது வேண்டும். ஆகவே அதில் வரையுங்கள், மிசினைக் கட்டாதீர்கள்.

அது தவிர, பட்டறைத் தூளுக்குள் மக்புக்கைக் கொண்டுபோக அண்ணா சம்மதிப்பாரா? வேப்பந்தூள் எங்கே போகும் என்று தச்சனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2024 ஒக்டோபர் 2

"ஜி-கோட் வெறும் எழுத்து என்றால் எந்த மிசினிலும் ஓட வேண்டுமே, என் நண்பனின் கோப்பு என் மிசினில் பெரிய பெரிய வட்டம் போட்டு மரத்தைத் தின்றுவிட்டது" என்று சுன்னாகத்தில் இருந்து ஒரு பெடியன் எழுதியிருக்கிறார்.

எழுத்து ஒன்றுதான். வாசிக்கும் விதம் மிசினுக்கு மிசின் வேறு. வளைவுக்கு நடுப்புள்ளியை ஐ, ஜே என்று எழுதுவார்கள். அது வளைவு தொடங்கும் இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்று சில மிசின்கள் எடுத்துக்கொள்ளும், மேசையின் பூச்சியத்தில் இருந்து என்று சில எடுத்துக்கொள்ளும். மாக்3இல் இதை மாற்ற ஒரு தெரிவு உண்டு. லினக்ஸ்சிஎன்சி இரண்டையும் கேட்கும், சும்மா விட்டால் முதலாவது. சிறிய மிசின்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் என்ற நிரல் முதலாவதை மட்டும்தான் ஏற்கும். உங்கள் பெரிய வட்டம் அங்கிருந்துதான் வந்தது. விண்டோஸா லினக்ஸா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

துளை போடும் ஜி81ஐ லினக்ஸ்சிஎன்சி வடிவாக வாசிக்கும். ஜிஆர்பிஎல் பிழை 20 என்று சொல்லி நின்றுவிடும். இதையெல்லாம் சரிக்கட்டி, அந்தந்த மிசின் வாசிக்கும் விதத்தில் ஜி-கோட்டை எழுதித் தரும் பகுதிதான் போஸ்ட் புரொசசர். மென்பொருள் எது என்பதைவிட அதற்குள் எந்தப் போஸ்ட்டைத் தெரிவு செய்தீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சிங்கப்பூரில் மில்லிங் மிசினில் நின்ற காலத்துக் கதை ஒன்று. அங்கே மிசினை ஓட்டுவது ஃபனக் என்ற பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி. வரைபவர்கள் புது மென்பொருளுக்கு மாறினார்கள், அதன் போஸ்ட் முழு எண்களுக்குப் பின்னால் புள்ளி போடாமல் விட்டது. பழைய ஃபனக்கில் 'எக்ஸ்10.' என்றால் 10 மில்லிமீற்றர். புள்ளி இல்லாத 'எக்ஸ்10' என்றால் 0.010 மில்லிமீற்றர், முடி மொத்தம்கூட இல்லை. இரவு வேலைக்காரர் கோப்பை ஏற்றி ஓடவிட்டார். சுழல்தண்டு சுற்றுகிறது, தண்ணீர் பாய்கிறது, மேசை அசைந்ததாகவே தெரியவில்லை. மனுசன் மோட்டார் பெல்ட் அறுந்துவிட்டது என்று பின்கதவைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒரு புள்ளி.

2024 ஒக்டோபர் 3

ஓம், அன்றைக்கு ஒன்றும் உடையவில்லை. எதிர்ப்பக்கமாக, 0.010 என்று நினைத்த இடத்தில் 10 போயிருந்தால்தான் கருவி உடைந்திருக்கும்.

2024 ஒக்டோபர் 20

கோப்புக்கு 'மயில்வாகனம் இடது சிறகு' என்று தமிழில் பெயர் வைத்தால் மாக்3 கணினியில் கேள்விக்குறியாக வருகிறதாம். யூனிகோட் அறியாத பழைய நிரல்களில் அப்படித்தான். அந்தக் காலத்து விண்டோஸ் குறிமுறைகளில் சிங்களத்துக்கும் இடமில்லை, தமிழுக்கும் இடமில்லை, இந்த ஒன்றிலாவது இரண்டு பேரும் சமம். மக்கில் வரையும் கோப்புக்கு எப்படியும் பெயர் வையுங்கள், மிசினுக்குப் போகும் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் போதும். உள்ளே குறிப்புகளையும் தமிழில் எழுத வேண்டாம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயர், விண்டோஸில் ஒன்றே. பென் டிரைவில் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படுவது அப்படித்தான்.

2024 நவம்பர் 24

ஃப்ரீகாட் 1.0 வந்துவிட்டது. 2002இல் தொடங்கியதற்கு இப்போதுதான் ஒன்று என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள். பொறுமைக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

செப்டம்பரில் "எல்லா இடத்திலும் ஓடும், காசும் இல்லை" என்பதோடு நான் அதைக் கடந்து போனதற்குக் காரணம் இருந்தது. வரைபடத்தின் ஆரம்பத்தில் ஒரு கோட்டை மாற்றினால் பின்னால் போட்ட துளை, மழுங்கல் எல்லாம் வேறொரு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும் நோய் அதில் நெடுநாளாக இருந்தது. நானும் ஒரு தண்ணிப் பம்பின் மூடியை அதில் வரைந்து, கடைசியில் தாளிலேயே அளவு போட்டு லேத்துக்காரரிடம் கொடுத்தேன். 1.0இல் அந்த நோயைப் பெருமளவு குணப்படுத்தியிருக்கிறார்கள். அதே மூடியை உபுண்டுவில் திறந்து, போல்ட் வட்டத்தின் விட்டத்தை மாற்றிப் பார்த்தேன், துளைகள் கூடவே நகர்ந்தன. வெட்டும் பாதை போடும் பகுதிக்கும் பாத் என்று இருந்த பெயரைக் காம் என்று மாற்றியிருக்கிறார்கள்.

ஆகவே கதவு நிலை, சட்டம், மூட்டு, பிணைச்சல் குழி போன்ற அளவு வேலைகளுக்கு இனி நான் தயங்காமல் இதையே சொல்வேன். யாளி முகம், சிறகு போன்ற புடைப்பு வேலைக்கு இல்லை. அதில் முப்பரிமாணப் பரப்புக்குப் பாதை போட்டால் கணக்குப் போட்டு முடிக்க நெடுநேரம் எடுக்கிறது. புடைப்புக்கு பிளெண்டரும் அதற்கான பிளெண்டர்காம் சேர்க்கையும் பரவாயில்லை, ஆனால் பழக மனம் வேண்டும். காசு இருந்தால் விண்டோஸ் செதுக்கல் மென்பொருளே சுகம். இதில் லினக்ஸ் பக்தி காட்டிப் பயனில்லை.

லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். விண்டோஸ் செதுக்கல் மென்பொருள் ஒன்றை வைனில் ஓட்டிப் பார்த்தேன். திறந்தது, வரைந்தது, பாதையும் போட்டது. முன்னோட்டம் பார்க்கும் ஜன்னல் மட்டும் கறுப்பு. எங்கே ஆழமாக இறங்கும் என்று பார்க்காமல் தேக்கில் கருவியை இறக்க எனக்குத் தைரியம் இல்லை.

2024 டிசம்பர் 11

திருவாசி சட்டம் இரண்டு துண்டு பொருந்தவில்லை, ஒன்று சிறிதாக வந்தது என்று தச்சன் படம் போட்டிருந்தார். 300 என்று வரைந்தது வெட்டியபின் 281 சொச்சம். இந்த எண்ணைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்தன, 2017இல் வந்த 0.92இல் இருந்து 96. பழைய கோப்பை அளவு மாற்றாமல் திறந்தால் 300 என்பது 281.25 ஆகும். அந்தத் துண்டின் கோலத்தை யாரோ பழைய பதிப்பில் வரைந்து வைத்திருந்திருக்கிறார்கள். திறக்கும்போது புதுப் பதிப்பு ஒரு கேள்வி கேட்கும், வாசிக்காமல் எல்லாரும் அமுக்கிவிடுகிறோம்.

டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பில் அலகு எழுதாமல் வந்தால் இன்னும் மோசம், அங்குலமா மில்லிமீற்றரா என்று 25.4 மடங்கு விளையாடும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரியும். ஆறு சதவீதப் பிழைதான் மரத்தைத் தின்னும்.

2025 பெப்ரவரி 9

இன்று முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம், அமைச்சரே சொல்கிறார். அனுமார் வாகனத்துக்கு யாரோ கூலியைக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

தச்சனின் மிசின் பாதி வெட்டில் நின்றதாம். இனி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். மிசினில் எல்லை சுவிட்ச் பூட்டி இருந்தால் பிரச்சினை சிறியது: மிசினை வீட்டுப் புள்ளிக்கு (சுவிட்ச் காட்டும் தொடக்க இடத்துக்கு) அனுப்பினால், வேலையின் பூச்சியம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கட்டுப்பாடு தானே நினைவில் வைத்திருக்கும். ஜிஆர்பிஎல்லும் ஜி54 என்ற அந்த வேலைப் பூச்சியத்தைக் கரண்ட் போனாலும் மறக்காது. சுவிட்ச் இல்லையென்றால் மரத்தில் ஏற்கெனவே வெட்டிய ஒரு துளையைப் பிடித்துக் கையால் பூச்சியம் எடுக்க வேண்டும். வேலை தொடங்குமுன் மூலையில் கழிவுப் பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு 2022இல் வந்தது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்டை வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும்.

யூபிஎஸ் கணினிக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. கணினி கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும், மோட்டார் செத்துக் கிடக்கும்.

2025 பெப்ரவரி 10

"மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிக் கடைசல் பிடித்த காலத்தில் இந்தக் கவலை இல்லை" என்று கொக்குவில் ஐயா எழுதியிருக்கிறார். ஐயா, 90களில் மண்ணெண்ணெய் விலையும் ஞாபகம் இருக்குமே.

2025 மே 18

தங்கச்சியின் உபுண்டுவில் ஜிஆர்பிஎல் போர்ட் தெரியவில்லையாம். தச்சன் பரீட்சார்த்தமாக அர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வாங்கி ஜிஆர்பிஎல் ஏற்றியிருக்கிறார். மூளை அதுதான், துடிப்பை அதுவே எண்ணும், ஆகவே கணினியில் நேரப் பிசகு பற்றிக் கவலை இல்லை, லாப்டாப்பும் சரி. செக்கனுக்கு 30,000 துடிப்பு வரை போகும், நாம் கணக்குப் போட்ட 16,000 அதற்குள் அடங்கும்.

தெரியாததற்கு இரண்டு காரணங்கள். மலிவு அர்டுவினோவில் யுஎஸ்பி சிப் சிஎச்340. உபுண்டு 22.04இல் பிரெய்ல் திரைகளுக்கான பிரெல்டிடிவை என்ற சேவை அதைத் தன்னுடைய கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். பார்வையற்றோர் யாரும் அந்தக் கணினியைப் பாவிக்கவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். அடுத்தது, பயனரை, போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். சேர்த்தபின் வெளியேறாமல் "இன்னும் வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்களே அதிகம்.

கோப்பை அனுப்ப யூஜிஎஸ் (யுனிவர்சல் ஜி-கோட் செண்டர்) போடுங்கள். ஜாவாவில் எழுதியது, மூன்று இயங்குதளத்திலும் ஒரே முகம்.

2025 மே 19

வெளியேறி உள்ளே வந்ததும் வேலை செய்ததாம்.

2025 ஒக்டோபர் 14

இன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவு முடிகிறது. காலையில் இருந்து எனக்கு வரும் கேள்வி எல்லாம் இதுதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், நம் பட்டறைக் கணினிகளில் பாதிக்கு அது இல்லை.

மிசினில் பூட்டிய கணினி இணையத்தில் இல்லையென்றால் அது விண்டோஸ் 7 ஆனாலும் இருக்கட்டும். கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், பென் டிரைவை மட்டும் வரைகிற கணினியில் சோதித்துக் கொண்டுபோங்கள். ஆதரவு முடிந்ததில் ஒரு லாபமும் உண்டு, பாதி வெட்டில் "புதுப்பிக்கிறேன்" என்று இனி அது எழுந்து நிற்காது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இன்றே முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள். மாக்3 அமைப்புக் கோப்பும் அதற்குள் இருக்க வேண்டும். டிஸ்க் செத்தால் உங்கள் மிசினின் ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை அடி என்று மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டி வரும்.

இணையத்தில் இருக்க வேண்டிய கணினி என்றால் லினக்ஸுக்கு மாறலாம். நேரம் தவறாமல் ஓட வைக்கும் பகுதி இப்போது லினக்ஸின் கருவான கேர்னலிலேயே, 6.12 பதிப்பில் இருந்து, சேர்ந்துவிட்டது. முன்பு மாதிரித் தனியாக ஒட்டுப் போடத் தேவையில்லை. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் லினக்ஸ்சிஎன்சி நேரடியாகவே கிடைக்கிறது.

2025 ஒக்டோபர் 26

தச்சனின் இப்போதைய ஏற்பாடு, கேட்டவர்களுக்காக: புடைப்பு வேலை மக்புக்கில் பரலல்ஸுக்குள், நிலையும் சட்டமும் அதே மக்கில் ஃப்ரீகாட்டில், பெரிய ரூட்டர் இணையம் இல்லாத அதே விண்டோஸ் 7 மாக்3இல். அர்டுவினோவை மாமாவின் சிறிய செதுக்கல் மிசினுக்குப் பூட்டிவிட்டார்கள்.

மாக்3 கணினி செத்தால் வைத்துக்கொள்ள ஒரு பழைய மேசைக் கணினி தேடுகிறாராம். பிரிண்டர் போர்ட் மதர்போர்டிலேயே இருப்பதைப் பாருங்கள் தம்பி. இல்லையென்றால் பிசிஐ கார்ட் போடலாம், ஆனால் சில கார்ட்கள் 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 வோல்ட்தான் தரும், சில மோட்டார் டிரைவர் பெட்டிகளுக்கு அது காணாது. வாங்குமுன் மீற்றர் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். யுஎஸ்பியில் இருந்து பிரிண்டர் போர்ட் ஆக்கும் வயரை யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். அது அச்சு இயந்திரத்துக்கு மட்டும்தான்.